எட்டாவது தோள்

தோரெசெகா ஊர்ச் சதுக்கத்தில் நின்றுகொண்டு "ஃபுவென்சாந்தா!" என்று ஒரு சத்தம் போட்டால், நல்ல காலத்தில் இருபத்து மூன்று ஜன்னல்கள் திறக்கும். மலைமேல் ஊற்றடியில் வீற்றிருக்கும் மாதாவின் பெயர் அது. புனித ஊற்று என்று பொருள். கோயிலுக்கும் அதே பெயர், ஊற்றுக்கும் அதே பெயர், ஊரில் பிறக்கும் பெண்களில் பாதிப் பேருக்கும் அதே பெயர். வேறு ஊர்களில் பிள்ளைக்குப் பெயர் வைக்க வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால் தோரெசெகாக்காரர்களுக்குச் சிரிப்பு வரும்.

அடையாளத்துக்கு ஆளுக்கொரு பட்டம் உண்டு. ரொட்டிக்கடை ஃபுவென்சாந்தா, நெட்டை ஃபுவென்சாந்தா, முழங்கால் ஃபுவென்சாந்தா, கோழி திருடின ஃபுவென்சாந்தா. கோழி திருடியது இவள் அம்மா. பட்டம் மட்டும் சொத்தோடு சேர்ந்து இவளுக்கு வந்துவிட்டது. இங்கே சொல்ல வந்தது கடிச்ச ஃபுவென்சாந்தாவின் கதை. இவளுடைய பட்டம் சொந்தச் சம்பாத்தியம். இவள் கடித்தது ஒரு பாதிரியாரை.

பிறந்தபோது இவள் ஃபுவென்சாந்தாவே இல்லை. முப்பத்தாறாம் வருடம், உள்நாட்டுச் சண்டை தொடங்கிய சமயம். இவளுடைய அப்பா மெலித்தோன் ரோயோதான் ஊர்க் கமிட்டித் தலைவர். பண்ணையார் கிடையாது, பாதிரியார் கிடையாது, ஊருக்குள் காசு கூடக் கிடையாது, எல்லாம் சீட்டுக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்திருந்தார். பெண் பிறந்ததும் கமிட்டி நோட்டில் தன் கையாலேயே 'லிபெர்தாத்' என்று எழுதினார். விடுதலை என்று அர்த்தம். பக்கத்து வீட்டில் அதே வாரம் பிறந்த பையனுக்கு 'முன்னேற்றம்' என்று பெயர். ஞானஸ்நானம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்று வருடத்தில் எல்லாம் தலைகீழானது. மெலித்தோன் மலை தாண்டிப் பிரான்சுக்கு ஓடினார். விடுதலை, முன்னேற்றம் என்றெல்லாம் பெயர் வைத்தால் செல்லாது என்று புதிய அரசாங்கம் உத்தரவு போட்டது. அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பட்டியலோடு வந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார். முன்னேற்றம் மறுபேச்சில்லாமல் புருதென்சியோ ஆனான். லிபெர்தாத்துக்கு நாலு வயது. "என் பேரு லிபெர்தாத்" என்றாள். ஈரக் கை வாய்ப்பக்கம் வந்தபோது ஒரே கடி. பாதிரியார் விரலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, யோசிக்காமல் கைக்கு வந்த பெயரை எழுதிவிட்டுப் போனார். அந்தக் கைக்கு அந்த ஊரில் வேறெந்தப் பெயர் வரும்?

துலூஸ் நகரத்திலிருந்து அப்பாவின் கடிதம் வருடத்துக்கு இரண்டு வரும். அம்மா காய்ச்சலில் போன பிறகு எல்லாம் இவள் பெயருக்கே வந்தன: லிபெர்தாத் ரோயோ. தபால்காரர் நல்ல மனுஷர், கொஞ்சம் பயந்த சுபாவம். "இந்த ஊர்ல இல்லாத பொண்ணுக்கு லெட்டர் வந்திருக்கு" என்று காற்றிடம் சொல்வதுபோல் சொல்லிக் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போவார். இவளும் பதில் எழுதி, லிபெர்தாத் என்றே கையெழுத்துப் போடுவாள். ஊரில் தன்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு வரி எழுதியதில்லை. மாதா முன்னால் மண்டி போட மாட்டேன் என்று ஊரையே விட்டுப் போன மனிதருக்கு அதை எப்படி எழுதுவது?

எழுத முடியாத விஷயம் இன்னொன்றும் உண்டு. செப்டம்பர் எட்டாம் தேதி மாதாவைச் சப்பரத்தில் வைத்து மலையிலிருந்து ஊருக்குக் கொண்டுவருவார்கள். தூக்குவது எட்டுப் பேர். எட்டுப் பேரும் பெண்கள், எட்டுப் பேரும் ஃபுவென்சாந்தா. ஆண் தொட்டால் சப்பரம் நகராது, வேறு பெயர்க்காரி தொட்டால் ஊருக்கு ஆகாது. இவளுக்குப் பதினேழு வயதானபோது ஓர் இடம் காலியானது. ரொட்டிக்கடை ஃபுவென்சாந்தா வந்து இவள் தோளை விரலால் அளந்தாள். "உயரம் சரியா இருக்கு. நாளைக்குக் கறுப்புச் சட்டை போட்டுட்டு வா." கோபமாகத்தான் போனாள். இருபத்தைந்து வருடம் கோபமாகவே தூக்கினாள். மாதாவின் அழகைப் பற்றி ஊரார் பேசும்போதெல்லாம், "எனக்கென்ன தெரியும், நான் பாக்குறது நெட்டையோட முதுகு" என்பாள்.

நடுவில் எலாதியோவைக் கல்யாணம் செய்துகொண்டாள். கோயிலில் "ஃபுவென்சாந்தாவாகிய நீ" என்று கேட்டதும் இவள் வாயைத் திறக்கவில்லை. எலாதியோதான், "சாமி, அவ எந்தப் பேர்ல வந்தாலும் எனக்குச் சம்மதம்" என்று சொல்லிச் சமாளித்தான். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவனுடைய எத்தனையோ அசட்டுத்தனங்களை இவள் பிற்பாடு மன்னித்திருக்கிறாள்.

எழுபத்தெட்டாம் வருடம் வந்தது. பழைய அரசாங்கம் ஒழிந்து, பறிபோன பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்துவிட்டது. இவள் தெருவேல் நகரத்துக்கு மூன்று தடவை பஸ் ஏறி, மூன்று ஜன்னல்களில் நின்று மனுக் கொடுத்தாள். அப்பாவுக்கும் எழுதினாள்: நீங்கள் வரும் நாளில் உங்கள் மகள் காகிதத்திலும் லிபெர்தாத்தாக இருப்பாள், இது சத்தியம். பதில் உடனே வந்தது. செப்டம்பர் எட்டு, காலை பதினோரு மணிக்கு வருகிறேன்.

தேதியைப் பார்த்ததும் இவளுக்குத் தலை சுற்றியது. ஆகஸ்டு கடைசியில் தெருவேலிலிருந்து காகிதம் வந்தபோது இன்னும் சுற்றியது. ஏனென்றால் நல்ல காலத்து இருபத்து மூன்று ஃபுவென்சாந்தாக்களில் சிலர் கல்லறையிலும் சிலர் பார்சிலோனா ஆலைகளிலும் இருந்தார்கள். ஊரில் தோள் கொடுக்கக்கூடியவர்கள் எண்ணி எட்டுப் பேர், இவளையும் சேர்த்து.

காகிதம் வந்த செய்தி இவளுக்கு முன்னால் ரொட்டிக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

"உண்மையாடி?" என்றாள் ரொட்டிக்கடை, மாவுக் கையோடு. அறுபது வயது, கதவை அடைத்து நிற்கும் உடம்பு, சப்பரத்துக்கு அவள்தான் தளபதி.

"உண்மைதான்க்கா. பார்பர் முன்னாடி புத்தகத்துல ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது." ஊர்ப் பதிவுப் புத்தகம் பார்பரிடம்தான் இருந்தது.

"நீ போட்டா நாங்க ஏழு பேரு."

"தெரியும்."

"எட்டுத் தோள் சப்பரத்த ஏழு பேரு எப்படித் தூக்குறது? மாதாவ இடுப்புல வச்சுக்கிட்டு வரவா?"

"பார்சிலோனாவுக்குச் சொல்லி விடுங்க."

"சொல்லியாச்சு. ஒருத்திக்கு கால் ஒடிஞ்சிருக்கு, ஒருத்திக்கு ஷிஃப்டாம். ஷிஃப்டாம்டி, மாதாவோட பொறந்தநாள்ல!" ரொட்டிக்கடை மேஜையை ஒரு தட்டுத் தட்டினாள். மாவு பறந்தது. "சாயங்காலமா கையெழுத்துப் போடேன். காலையில தூக்கிட்டு, ராத்திரி யாரா வேணா இருந்துக்கோ."

"அப்பா பதினோரு மணிக்கு வர்றாருக்கா. சப்பரம் பன்னண்டுக்கு. நாப்பது வருஷம் கழிச்சு வர்ற மனுஷன் என்னைய மாதாவுக்கு அடியிலயா பாக்கணும்?"

அப்போது ரொட்டி வாங்க வந்த பாதிரியார் ஒரென்சியோ வாயைக் கொடுத்தார். வயசுப் பையன், ஸ்வெட்டர் போட்டு கிதார் வாசிப்பவர். "மாதா பேரையா பாக்கப்போறாங்க? மனசத்தான பாப்பாங்க. நம்ம பக்கத்துத் தெரு அசுன்சியோனச் சேத்துக்கலாமே?"

கடையில் இருந்த ஆறு ஃபுவென்சாந்தாக்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"சாமி," என்றாள் முழங்கால் ஃபுவென்சாந்தா, மெதுவாக, "நீங்க வந்து ரெண்டு வருஷந்தான் ஆகுது. அம்பத்தாறுல ஒரு அசுன்சியோனச் சேத்தோம். மூணாம் நாள் ஆலங்கட்டி. ஒரு திராட்ச மிஞ்சல. நீங்க போய் கிதார் வாசிங்க."

மனைவிக்குப் பின்னால் வந்திருந்த எலாதியோவைப் போன்றவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட நேரத்தில் யோசனை வரும். "என் டிராக்டர்ல..." என்று ஆரம்பித்தான். அவர்கள் பார்த்த பார்வையில் அவனே வாக்கியத்தை விழுங்கிவிட்டு வெளியே போனான்.

மறுநாளிலிருந்து அவர்கள் வீட்டுக்குக் கருகின ரொட்டிதான் வந்தது. எலாதியோ கரியைச் சுரண்டிச் சுரண்டித் தின்றான். ஐந்தாம் நாள் மட்டும், "ஒங்கப்பாவ ஒரு வாரம் கழிச்சு வரச்சொல்லி எழுதக் கூடாதா?" என்று கேட்டான்.

"எழுபத்தி மூணு வயசுய்யா அவருக்கு. அடுத்த வாரம்னு நான் எழுதி, அந்த வாரம் வராமயே போயிட்டா? எனக்கு அவரு மூஞ்சி கூட ஞாபகம் இல்ல. அவரு குடுத்துட்டுப் போனது ஒரு பேருதான். அதயும் கடிச்சுக்கூடக் காப்பாத்த முடியல."

எலாதியோ அடுத்த கருகல் துண்டை எடுத்துக்கொண்டான்.

ஏழாம் தேதி பார்பர் கடைக்குப் போனாள். நாற்காலியில் சோப்பு நுரையோடு ஒருவர் காத்திருக்க, பார்பர் கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். கையெழுத்துப் போட்டாள். "வாழ்த்துகள், லிபெர்தாத்" என்றார் பார்பர். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அப்போ நாளைக்கு மாதா வர மாட்டாங்களா?" என்றார். நுரைக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. ஏதோ பெரிதாகத் தோன்றும் என்று இவள் எதிர்பார்த்திருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து பீன்ஸ் உரித்தாள்.

மறுநாள் காலை ஏழு ஃபுவென்சாந்தாக்களும் கறுப்பு உடுத்தி வழக்கம்போல மலை ஏறினார்கள். தூக்க முடியாவிட்டாலும் ஏறாமல் இருக்க அவர்களுக்குத் தெரியவில்லை. ஊர் ஜனம் சதுக்கத்தில் கல்யாணம் நின்றுபோன வீடு மாதிரி உட்கார்ந்திருந்தது. மணி அடிப்பதா வேண்டாமா என்று மணிக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். லிபெர்தாத் நீலச் சட்டையில் தனியாக நின்றாள். அவளைச் சுற்றி நாலடிக்கு யாரும் இல்லை.

பஸ் வரவில்லை. பிரெஞ்சு எண் போட்ட ஒரு சின்ன ரெனால்ட் கார் வந்தது. இறங்கியவர் கடிதத்தோடு வந்த போட்டோவில் இருந்ததைவிடக் குட்டை.

"லிபெர்தாத்!"

அந்தச் சதுக்கத்தில் நாற்பது வருடமாக யாரும் சத்தமாகச் சொல்லாத பெயர். இவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். அப்பாவின் தோளில் மூக்கை வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி, ஊர் பார்க்கிறதே என்று கூச்சப்படாமல் அழுதாள். மெலித்தோனும் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்து, சுற்றிப் பார்த்து, முதல் கேள்வியாகக் கேட்டது இதுதான்:

"மணிச் சத்தத்தையே காணோம்? மாதா எங்க?"

"ஒங்களுக்கு எதுக்குப்பா மாதா? நீங்கதான் சாமியே இல்லன்றவராச்சே."

"சாமி இல்லதான். அதுக்காகச் சப்பரம் இல்லாமப் போயிருமா?" கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தத் தேதியப் பாத்துத்தான அறுநூறு கிலோமீட்டர் வந்திருக்கேன்! சின்ன வயசுல இருந்து இந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிச் சொல்லி..."

"எந்தப் பொண்ணுகிட்ட?"

மெலித்தோன் தன் ஷூவைப் பார்த்தார். காரின் மறுபக்கக் கதவு திறந்தது. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒருத்தி இறங்கினாள். நல்ல உயரம். முகத்தில் அப்படியே மெலித்தோனின் மூக்கு. அந்த மூக்கு லிபெர்தாத்துக்கும் உண்டு.

"அங்க ஒரு தையக்காரி இருந்தாம்மா, ஒதெத்னு," என்றார் மெலித்தோன் ஷூவிடம். "ஒங்கம்மா போனதுக்கப்புறந்தான். நல்லவ. போன குளிர்ல தவறிட்டா. எழுத எனக்குத் தைரியம் வரல."

லிபெர்தாத் வந்தவளைப் பார்த்தாள். "பேரு?"

அவள் அப்பாவைப் பார்த்தாள், அப்பா ஷூவை விடவில்லை. தொண்டையில் உருளும் பிரெஞ்சு ரகரத்தோடு பேசுகிறவள்தான், ஆனால் இந்த ஒன்றை மட்டும் தோரெசெகாக்காரியாகவே சொன்னாள்.

"ஃபுவென்சாந்தா."

சதுக்கம் மொத்தமும் எழுந்து நின்றது. யாரோ ஒருவர் ஏற்கெனவே மலைப்பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டார்.

"நாப்பது வருஷமாப்பா!" என்றாள் லிபெர்தாத். "அந்தப் பேர என் தலையில ஊத்திட்டாங்கன்னு தெரிஞ்சா நீங்க செத்தே போயிருவீங்கன்னு நான் மறைச்சேன். இருபத்தஞ்சு வருஷமா அந்தச் சப்பரத்துக்கு அடியில நாந்தான். நேத்துத்தான் கையெழுத்துப் போட்டு வெளிய வந்தேன், ஒங்களுக்காக. மாதா இறங்காம ஊரே எழவு காக்குது, ஒங்களுக்காக. நீங்க என்னடான்னா அதே பேர இன்னொருத்திக்கு ஆசையா வச்சிருக்கீங்க! எனக்கு வலிக்குதுப்பா."

மெலித்தோன் இப்போதுதான் தலையைத் தூக்கினார். "அந்த ஊர்ல என்னைய யாருக்கும் தெரியாதும்மா. தெருவுல எந்தப் பேரும் எனக்குப் பரிச்சயமில்ல. இவ பொறந்தப்போ, ஒரு தடவையாவது ஜன்னல்ல நின்னு எங்க ஊர் மாதிரி கத்திக் கூப்பிடணும்னு இருந்துச்சு. லிபெர்தாத்னு வச்சிருக்கலாம். ஆனா அது ஒன்னோடது. அத எடுத்து இன்னொருத்திக்குக் குடுக்க எனக்கு மனசு வரல."

லிபெர்தாத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர், "சப்பரத்துல எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"இடது பின்பக்கம்."

"எறக்கத்துல மொத்த பாரமும் அங்கதான விழும்!" கிழவர் ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினார். "என் பொண்ண அங்கயாடா நிறுத்துனீங்க? இருபத்தஞ்சு வருஷமாவா?"

அதற்குள் ரொட்டிக்கடை மலையிலிருந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். வணக்கம், வாருங்கள் எதுவும் இல்லை. புதியவளின் தோளை விரலால் அளந்தாள். "ரெண்டு விரல் ஒசரம். பரவால்ல, செருப்பக் கழட்டிரலாம். பொண்ணே, தண்ணி ஊத்தியிருக்கா? ஞானஸ்நானம் ஆச்சா?"

"அதெல்லாம் எங்க வீட்டுல..." என்று மெலித்தோன் பெருமையாக ஆரம்பித்தார்.

"ஆச்சு" என்றாள் பெண். "அம்மா ரகசியமாக் கூட்டிட்டுப் போனாங்க. அப்பாவுக்குத் தெரியாது."

"என்னது?"

"இப்பத் தெரிஞ்சிருச்சு."

மணிக்காரர் கயிற்றை இழுத்துவிட்டார்.

ஊரே மலை ஏறியது. பன்னிரண்டு மணிக்குச் சொன்ன சப்பரம் கோயிலிலிருந்து ஒன்றரைக்குக் கிளம்பியது. இடது பின்பக்கத்தில் புது ஃபுவென்சாந்தா, வெறுங்காலோடு, யாரோ இரவல் கொடுத்த கறுப்புச் சால்வையில். லிபெர்தாத் ஊர் ஜனத்தோடு ஓரமாக நடந்தாள். இனி அவளுக்கு இதில் வேலையில்லை; ஆசைப்பட்டதும் அதற்குத்தான். ஆனால் பத்தடிக்கு ஒருமுறை அவளுடைய வலது தோள் தானாகவே உயர்ந்தது. வந்தவள் தவறாகப் பிடிக்கிறாள், கழுத்தை வளைக்கிறாள், கட்டையை எலும்பின்மேல் தாங்குகிறாள் என்பது அவள் கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஊற்று தாண்டி முதல் திருப்பத்தில் இறக்கம் செங்குத்தாகிறது. புது ஃபுவென்சாந்தாவின் வெறுங்கால் சரளைக்கல்லில் சறுக்கியது. சப்பரம் அவள் பக்கம் சாய்ந்தது. மாதாவின் கிரீடம் ஆடியது. ஜனம் "ஆ!" என்றது. அந்தப் பெண்ணுக்குத் தோள் நடுங்கியது, ஆனால் கட்டையை விடவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணீரோடு நின்றாள்.

லிபெர்தாத் எப்போது ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. நீலச் சட்டையோடு கட்டைக்கு அடியில் புகுந்து, தங்கைக்குப் பின்னால் தோளைக் கொடுத்தாள்.

"ஏய், நீ வெலகு!" ரொட்டிக்கடை முன்னாலிருந்து கத்தினாள். "நீ பேர மாத்திக்கிட்டவ!"

"பேரு போனா தோளும் போயிருச்சாக்கா?" என்று பதிலுக்குக் கத்தினாள் லிபெர்தாத். "இது என் தங்கச்சி. விழுந்தா நான் பாத்துட்டு நிப்பனா?" அப்புறம் குரலைத் தாழ்த்தி முன்னால் இருந்த தங்கையிடம், "எலும்புல வைக்காதடி, சதையில வை. ஆமா, அப்படித்தான். முன்னாடி இருக்கவ முதுகப் பாத்துக்கிட்டே வா, கீழ பாக்காத."

சப்பரம் நிமிர்ந்தது. ரொட்டிக்கடை தலையைத் திருப்பி ஒன்பதாவது ஆளை ஒரு நிமிடம் முறைத்தாள். மற்ற ஆறு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். யாருக்கும் இளவயதில்லை, இறக்கமோ இன்னும் முக்கால்வாசி பாக்கி.

"சரி, நடங்கடி" என்றாள்.

நடந்தார்கள். சாமி இல்லை என்பவர் சப்பரத்துக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டு, தொப்பியை வீசி வீசி, ஊர் அடிவாரம்வரை கத்திக்கொண்டே வந்தார். "லிபெர்தாத், கல்லு! ஃபுவென்சாந்தா, பள்ளம்! லிபெர்தாத், மெதுவா! ஃபுவென்சாந்தா, அக்கா சொல்றதக் கேளு!"